வகுப்பறையில கொம்பியூட்டர வெச்சு பாட்டுச் செய்யப் படிப்பிக்கிறது: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில சங்கீதம் படிப்பிக்கிற டீச்சர். ஆறு வருஷமா தரம் 8, 9 புள்ளைகளோட கொம்பியூட்டர்லயும் போன்லயும் சொந்தமா மெட்டுப் போட்டு, ரெக்கோர்ட் பண்ணி, பாட்டாக்கி வாறம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோயில், வாழைச்சேனை எண்டு பல இடத்துல இருந்து டீச்சர்மார், சேர்மார் போன் எடுத்துக் கேக்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருது, அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வெச்சிருக்கன்.

நான் வாய்ப்பாட்டுப் படிச்சு வந்தவ, கொம்பியூட்டர்ல கேள்விப் பேப்பர் அடிக்கிறது மட்டும்தான் தெரியும். என்னால ஏலுமா?

ஏலும். சத்தத்தப் புடிக்க, வெட்ட, இழுத்து வேற இடத்தில வைக்க, ரெண்டு மூண்டு சத்தத்த ஒண்டா ஓட விட, இந்த நாலும் தெரிஞ்சாப் போதும், ஒரு தவணை முழுக்க வகுப்பு நடத்தலாம். மிச்சத்தப் புள்ளைகளே தோண்டிக் கண்டுபுடிச்சு நமக்குக் காட்டித் தருவாங்க, அவங்களிட்டக் கேட்டுப் படிக்கிறதில ஒரு குறையும் இல்ல. ஆனா சொஃப்ட்வெயாருக்கு சுருதி விலகினா விளங்காது, பாட்டு எந்த இடத்தில மூச்சு விடணும், எந்த வரிய திருப்பிப் பாடினா மனசில நிக்கும் எண்டெல்லாம் அதுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொண்டு சொல்றன், இதுதான் நான் இந்த வேலையத் தொடங்கின காரணம். சித்திரப் பாடத்தில முதல் நாளே புள்ள தன்ட கையால கீறுது. தமிழ்ப் பாடத்தில சொந்தமாக் கட்டுரை எழுதுது. சங்கீதத்தில மட்டும் சரளி, ஜண்டை, கீதம், கீர்த்தனை எண்டு மற்றாக்கள் செஞ்சதப் பாடிப் பாடியே வருஷம் போகுது, தரம் 11 முடிச்ச புள்ளையும் தன்ட சொந்தமா நாலு வரி மெட்டுப் போட்டுப் பாத்திருக்காது. மற்றாக்கள்ட பாட்டப் படிக்கிறது கட்டாயம் வேணும், அதில எனக்கு மறுகதை இல்ல. ஆனா தானாச் செஞ்சு பாக்கிறதுக்கும் ஒரு இடம் வேணுமெல்லா? முந்தி அதுக்கு சுரம் எழுதத் தெரியணும், இல்லாட்டி ஞாபகத்தில வெச்சிருக்கணும். இப்ப பாடிப் புடிச்சு வெச்சு, பிடிக்காட்டி அழிச்சிட்டு, திரும்பப் பாடலாம். கொம்பியூட்டர நான் அந்த அழிச்சு எழுதுற கொப்பியாத்தான் பாவிக்கிறன்.

எந்த சொஃப்ட்வெயார் நல்லம்? காசு குடுத்து வாங்கணுமா?

வேணாம். தொடக்கத்துக்கு ஓடாசிட்டி போதும், இலவசம், பழைய மெசின்லயும் ஓடும், சத்தம் புடிச்சு வெட்டி ஒட்ட இதைப் போல லேசானது இல்ல. ஆனா கீபோர்ட் சுரம் அடிச்சு மிடியில (சத்தத்த இல்ல, எந்தக் கட்டைய எப்ப அமத்தின எண்டதப் பதியிற முறை) மெட்டுக் கட்ட அது சரிவராது. அதுக்கு எல்.எம்.எம்.எஸ் இருக்கு, அதுவும் இலவசம், ஆனா அதின்ட வழமையான 1.2 வேர்சன்ல மைக்ல பாடி ரெக்கோர்ட் பண்ண ஏலாது, இதத் தெரியாம லேப் முழுக்கப் போட்டுட்டு நானே ஒரு பாடவேளை முழுக்க மைக் ஏன் வேலை செய்யுதில்ல எண்டு தேடின. ரெண்டும் ஒண்டா வேணுமெண்டா ரீப்பர் பாருங்க, டவுன்லோட் சின்னது, 60 நாள் எல்லா வசதியோடயும் பாவிச்சுப் பாக்கலாம், மறுகா தனியாளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 60 டொலர் லைசன்ஸ். இன்டர்நெட் ஒழுங்கா வாற இடமெண்டா பாண்ட்லாப், போன்லயும் பிரவுசர்லயும் ஓடும், புள்ளைகள் வீட்டில இருந்து தொடரலாம். கராஜ்பேண்ட் ஆப்பிள் மெசினுக்கு மட்டும்தான், நம்மட லேப்கள்ல அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்ல.

களவு வேர்சன் போடாதீங்க. வைரஸ் வரும் எண்டதுக்கு மட்டும் சொல்லல்ல, சொந்தமா ஒண்டச் செய்யிற வேலையப் புள்ளைக்குப் படிப்பிக்கிறம், அந்த லேப்ல மற்றவன்ட வேலையக் களவெடுத்து வெச்சிருக்கக் கூடா.

லேப்ல எட்டு கொம்பியூட்டர்தான் வேலை செய்யுது, வகுப்பில 34 புள்ளைகள். என்ன செய்யிற?

நாலு பேருக்கு ஒரு மெசின், ஆனா நாலு பேரையும் திரைக்கு முன்னால இருத்தாதீங்க, மவுஸ் புடிச்சவன் மட்டும் படிப்பான், மற்ற மூண்டு பேரும் ஜன்னலப் பாப்பாங்க. ரெண்டு பேர் மெசின்ல, மற்ற ரெண்டு பேர் வெளியில மர நிழல்ல பாடிப் பாத்து மெட்டுத் தேடணும், 20 நிமிஷத்தில மாத்தணும். பாடவேளை 40 நிமிஷமெண்டா சரியா ரெண்டு சுற்று. உண்மையச் சொன்னா வெளியில மரத்துக்குக் கீழ போனதுகள்தான் நல்ல மெட்டோட வந்திருக்கு.

முதல் பாடத்தில என்ன செய்யிற?

பாட்டுச் செய்யச் சொல்லாதீங்க. ஒரு சத்தம் கொண்டுவரச் சொல்லுங்க. வீட்டிலயோ வாற வழியிலயோ போன்ல 10 செக்கன் புடிச்சுக் கொண்டு வரணும், அவ்வளவுதான். நம்மட புள்ளைகள் கொண்டு வந்ததுகளப் பாருங்க: உரல்ல மா இடிக்கிற சத்தம், ஆத்துல தோணித் துடுப்பு, நெல்லு வெட்டுற மெசின், தகரத்தில மழை, அம்மன் கோயில் உடுக்கு, பாண் வித்து வாற ஓட்டோட மியூசிக், தேங்காய் துருவுற சத்தம். மீன் பாடும் தேன்நாடு எண்டு ஊருக்கே பேர் வெச்சிருக்கிற ஆக்கள், கல்லடிப் பாலத்துக்குக் கீழ பூரணை இரவில தோணியில போய்த் துடுப்பக் காதில வெச்சுக் கேட்ட கதைகள் எல்லா வீட்டிலயும் இருக்கு, அந்தக் கதையில இருந்தே தொடங்கலாம்.

அந்த 10 செக்கன ஓடாசிட்டியில போட்டு, ஒரு இடி மட்டும் வெட்டி, அதக் கொப்பி பண்ணி வரிசையா வைக்கச் சொல்லுங்க. உரல் சத்தம் நாலு தரம் விழுந்த உடன வகுப்பே தலையாட்டும். உலக்கை விழுற கனத்த சத்தம் ஒரு பக்கம், துருவலை கறகறக்கிறது ஒரு பக்கம், அது தாளமாகிட்டு. அண்டைக்கே அது அந்தப் புள்ளைட சொந்தச் சாமான், ஏனெண்டா அது அவட அம்மம்மாட உரல்.

சின்ன எச்சரிக்கை, போன்ல புடிக்கிறது கனக்க எம்4ஏ ஃபைலாத்தான் வரும், விண்டோஸ்ல ஓடாசிட்டி அதத் திறக்க எஃப்.எஃப்.எம்பெக் எண்ட துணை சொஃப்ட்வெயாரத் தனியாப் போடணும். முதல் நாளே போட்டு வையுங்க.

மெட்டுப் போட எங்க இருந்து தொடங்கிற? புள்ளைகளுக்கு சுரஞானம் குறைவு.

மோகனத்தில தொடங்குங்க. ச ரி க ப த, அஞ்சே சுரம், எதை எதோட வெச்சாலும் காது கடிக்காது. இதுக்கு ஒரு லேசான வழி இருக்கு. திரையில கீபோர்ட் படத்தத் திறந்து, கறுப்புக் கட்டைகள மட்டும் அடி எண்டு சொல்லுங்க. நாலரைக் கட்டைய (எஃப் ஷார்ப்) சட்ஜமா வெச்சா கறுப்புக் கட்டை அஞ்சும் அப்பிடியே மோகனம். ஒண்டு, நாலு, அஞ்சு கட்டைகள்ல (சி, எஃப், ஜி) எதைச் சட்ஜமா வெச்சாலும் மோகனம் முழுக்க வெள்ளைக் கட்டையிலயே வரும். பொம்புளப் புள்ளைகளுக்கு அஞ்சு கட்டை சுருதி பெரும்பாலும் ஒத்து வரும், அதால நான் அதில வைக்கிற.

மறுகா இதில ஒரு அதிசயம் காட்டலாம். அதே அஞ்சு கறுப்புக் கட்டை, ஆனா சட்ஜம் எதெண்டு மாத்திப் பாருங்க. மோகனத்தின்ட ரியை சட்ஜமாக்கினா மத்யமாவதி, கவை ஆக்கினா ஹிந்தோளம், பவை ஆக்கினா சுத்தசாவேரி, தவை ஆக்கினா சுத்த தன்யாசி. இத நாம கிரகபேதம் எண்டு நோட்ஸ் குடுத்துப் பாடமாக்க வைக்கிறம். கொம்பியூட்டர்ல புள்ள அடிச்ச மெட்டு அப்பிடியே இருக்க, கீழ ஓடுற தம்புரா சுருதிய மட்டும் மாத்தி விடுங்க. அதே மெட்டு வேற முகத்தோட வரும், ஹிந்தோளம் வந்த உடன ஒரு பொடியன் “டீச்சர் இது அழுற மாதிரி இருக்கு” எண்டான், நான் அண்டைக்கு நோட்ஸே குடுக்கல்ல.

மெட்டுக்கு வரி வேணுமெண்டா புள்ளைகளையே நாலு வரி எழுதச் சொல்லுங்க. வரிய முதல் வாயால பத்துத் தரம் சொல்ல வையுங்க, தமிழ்ச் சொல்லில குறிலும் நெடிலும் எங்க விழுதோ அங்கதான் சுரமும் நீளணும். “ஆத்தங்கரை” எண்ட சொல்லில “ஆ”வச் சுருக்கி “ரை”ய இழுத்தா பாடுறவனுக்கே கூச்சமா இருக்கும், அத அவனே கேட்டுத் திருத்துவான்.

தாளம்? சொஃப்ட்வெயார்ல எல்லாம் நாலு நாலாத்தானே கட்டம் கட்டி வெச்சிருக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. திறந்த உடன பெரும்பாலும் 4/4, 120 வேகம் எண்டு அது தானா வெச்சிருக்கும், புள்ளை அதுக்குள்ள போய் விழுந்தா எல்லாப் பாட்டும் ஒரே அச்சில வரும். முதல் வேலை அத மாத்திறது. ஆதி எட்டு அட்சரம், நாலு நாலா ரெண்டு கட்டம் எண்டு வைக்கலாம், வேகம் 60 எண்டா ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின்ட ஒரு முழுச் சுற்று) 8 செக்கன், 80 எண்டா 6 செக்கன். ரூபகத்துக்கு மூண்டு, கண்டசாபுக்கு அஞ்சு, மிஸ்ரசாபுக்கு ஏழு எண்டு மாத்துங்க, ரீப்பர்ல ரெண்டு கிளிக்தான். ஆனா நம்பரச் சொல்லாதீங்க, சொல்லுக்கட்டச் சொல்லுங்க: தகதிமி, தகிட, தகதகிட, தகிடதகதிமி. தகிடதகதிமி எண்டு கையத் தட்டிச் சொல்லத் தெரிஞ்ச புள்ளைக்கு ஏழு எண்டது கஷ்டமே இல்ல.

கூத்துத் தாளம் வேற கதை. எங்கட ஊர்ல வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு வகைக் கூத்தும் ஆடுறாங்க, புள்ளைகளுக்கு மத்தளமும் சல்லாரியும் (கைத்தாளம்) காதில ஊறியிருக்கு. ஒரு வருஷம் கூத்துத் தாளக்கட்டு ஒண்ட கட்டத்துக்குள்ள கொண்டுவரப் பாத்தம், ஒவ்வொரு அடியையும் மவுஸால இழுத்துக் கோட்டில வெச்சு, நேராக்கி, போட்டுக் கேட்டா உசிரே இல்ல. ஆட்டம் சூடேற ஏற அண்ணாவியார் (கூத்துப் பழக்கிற ஆசான்) வேகத்த கூட்டுறார், ஆடுறவன்ட காலப் பாத்து அடிக்கிறார், அது கோட்டில நிக்கிற தாளமில்ல. அதுக்குப் பிறகு நாங்க செய்யிற என்னெண்டா, கட்டத்த முழுசா நிப்பாட்டிப் போட்டு மத்தளத்த முதல் ஓட விட்டு ரெக்கோர்ட் பண்றம், மற்றது எல்லாம் அதக் கேட்டுக் கேட்டு மேல பாடுறது. கட்டத்தில ஒட்டிக்கொள்ற அந்த ஸ்னப் எண்ட பொத்தான எங்க நிப்பாட்டிற எண்டு முதல் மாசமே காட்டிக் குடுங்க. மெசின் மனிசனுக்குப் பின்னால வரட்டும்.

கீபோர்ட்ல அடிச்சா கமகம் வருதில்ல, ராகம் செத்த மாதிரி இருக்கு.

வராதுதான். கமகம் எண்டா சுரத்த ஆட்டி அசைச்சுப் பாடுறது. தோடியில காந்தாரம் ஒரு இடத்தில நிக்கிற சுரமில்ல, ரிக்கும் மவுக்கும் இடையில ஆடுது, கட்டை ஒண்ட அமத்தினா அது எப்பிடி வரும்? மிடியில பிச் பென்ட் எண்டு ஒண்டு இருக்கு, வளைக்கலாம், வழமையா ரெண்டு அரைச்சுரம் மேலயும் கீழயும் போகும், ஆனா புள்ளை வளைவுக் கோடு கீறிக் கொண்டிருக்கிற நேரத்துக்கு வாயால நூறு தரம் பாடிடும். அதால என்ட முடிவு, மெட்டு குரல்ல, கீபோர்ட் சுருதிக்கும் பின்னணிக்கும் மட்டும். கமகம் கனக்கத் தேவைப்படுற ராகங்களுக்குக் கீபோர்டையே தொடாதீங்க.

இந்த இடத்தில ஒரு கணக்குப் பாடமும் செய்யலாம், நான் விரும்பிச் செய்யிறது. ஓடாசிட்டியில 240 ஹேர்ட்ஸ்ல ஒரு ஒலி உண்டாக்கி சட்ஜமா வையுங்க. பஞ்சமம் 3க்கு 2, அப்ப 360. அந்தர காந்தாரம் 5க்கு 4, அப்ப 300. ஆனா அதே சட்ஜத்துக்குக் கீபோர்ட் குடுக்கிற காந்தாரம் 302.4. ரெண்டு காந்தாரத்தையும் ஒண்டா ஓட விடுங்க, செக்கனுக்கு ரெண்டரைத் தரம் மட்டில “வௌ வௌ” எண்டு அலையடிக்கும். காதால கேட்டாப் பிறகு சுருதி சுத்தம் எண்டா என்னெண்டு விளக்கத் தேவையில்ல. காரைதீவில 1892ல பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழின்ட சுரங்கள இப்பிடிக் கணக்குப் போட்டுத்தான் தேடினவர், 1947ல யாழ் நூல் வந்தது. நம்மட மண்ணில பிறந்த ஒரு ஆள் இசையையும் கணக்கையும் ஒண்டா வெச்சுப் பாத்திருக்கிறார் எண்டு அண்டைக்குத்தான் புள்ளைகளுக்குச் சொல்லணும், வாழ்க்கை வரலாறாச் சொன்னா பரீட்சையோட மறந்து போயிடும்.

பாடுறது ஹெட்செட்ல பிந்திக் கேக்குது, புள்ளை தடுமாறுது.

பஃபர் (மெசின் சத்தத்தச் சேத்து வெச்சு அனுப்புற துண்டின்ட அளவு) 1024ல இருந்தா போறதுக்கு 23 மில்லிசெக்கன், வாறதுக்கு 23, கிட்டத்தட்ட 46. சத்தம் ஒரு செக்கனுக்கு 343 மீற்றர் போகும், அப்ப மத்தளக்காரர் 16 மீற்றருக்கு அங்கால நிண்டு அடிக்கிற மாதிரி. 256க்குக் குறைச்சுப் பாருங்க, விண்டோஸ்ல ரீப்பருக்கு ஏசியோ4ஓல் எண்ட சத்த ட்ரைவரப் போட்டா இன்னும் குறையும். மெசின் பழசாகி டிக் டிக் எண்டு வெட்டினா, தன்ட குரல ஹெட்செட்ல கேக்கிறத நிப்பாட்டிப் போட்டு ஒரு காதத் திறந்து வெச்சுப் பாட வையுங்க. அது போதும். புளூடூத் ஹெட்செட் வேணாம்.

ரெடியா இருக்கிற லூப்ப (திரும்பத் திரும்ப ஓடுற சத்தத் துண்ட) இழுத்துப் போட்டா அது இசையமைப்பா?

முதல் கிழமை விடுங்க, புள்ளைகளுக்கு ஆசை வரும். அதுக்குப் பிறகு ஒரு சட்டம்: ஒரு பாட்டில ஒரு லூப்தான், அதையும் வெட்டி மாத்தணும். பாண் ஓட்டோ மெட்டு எல்லாருக்கும் தெரியும்தானே, ஒரு புள்ளை அதின்ட தாளத்த மட்டும் எடுத்து சுரத்த மோகனத்துக்கு மாத்தி, பாண்காரர் வராத ஒரு நாளப் பற்றி பாட்டுச் செஞ்சது, மழை வெள்ளத்தில ரோட்டு மூடின நாள். அது இசையமைப்பு. வேற ஒருத்தர்ட பாட்டுக் கரோக்கேக்கு மேல சொந்த வரி பாடிறது பயிற்சி, அதச் சொந்தப் பாட்டு எண்டு மேடையேத்த ஏலாது. 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி பாட்ட ஆக்கினவர் உசிரோட இருக்கிற காலமும், இறந்து 70 வருஷமும் அது அவர்ட, அவர்ட ஆக்கள்ட.

அண்ணாவியார், கோயில் பாட்டுக்காரர் பாடுறத ரெக்கோர்ட் பண்ணி பாட்டுக்குள்ள போடலாமா?

கேட்டுட்டு. வெத்திலை கொண்டு போய் மரியாதையாக் கேட்டா கூத்துக்காரர் சந்தோசமாத் தருவார், புள்ளைக்குப் பக்கத்தில இருந்து பிழையும் சொல்லித் தருவார். ஆனா கண்ணகை அம்மன் குளுத்திப் பாட்டு, காவியம் எல்லாம் வைகாசிச் சடங்கோட சேந்தது, கண்ட நேரத்தில கண்ட இடத்தில பாடுறதில்ல எண்டு பெரியாக்கள் சொன்னா அங்கயே விட்டுடணும். புள்ளைக்கு அது ஏனெண்டு சொல்லிக் குடுங்க.

எங்கட வகுப்பில முஸ்லிம் புள்ளைகள் கூட. சில வீட்டில வாத்திய இசை விரும்ப மாட்டாங்க.

அது அவங்கட வீட்டு நம்பிக்கை, அதோட இழுபறிப்பட வேணாம், முதலே உம்மா வாப்பாவக் கூப்பிட்டு என்ன செய்யப் போறமெண்டு காட்டுங்க. குரலும் கைதட்டலும் றபான் எண்ட கைப்பறையும் போதும் எண்டு சொல்ற வீடு கனக்க. கம்பத் தட்டி ஆடுற களிகம்புத் தாளம் நம்மட அம்பாறைக் கரை முழுக்க இருக்கு, கரைவலை இழுக்கிற ஆக்கள்ட அம்பாப் பாட்டு இருக்கு, முன்னால ஒருத்தர் பாட மற்றாக்கள் திருப்பிச் சொல்ற அந்த அமைப்பே ஒரு பெரிய இசையமைப்புப் பாடம், ஒரு வாத்தியமும் வேணாம். பாட்டே வேணாமெண்டா சத்தக் கதை செய்யலாம், விடியற்காலம் கடக்கரை, மீன் ஏலம், சைக்கிள் மணி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு அடுக்கி ரெண்டு நிமிஷக் கதை. வெட்டிறது, அடுக்கிறது, கூட்டிக் குறைக்கிறது எல்லாத்தையும் அந்தப் புள்ளையும் படிச்சிடும்.

காகம், ஃபேன், பக்கத்து வகுப்புச் சத்தம் எல்லாம் விழுது.

அரைச்சுவர்க் கட்டடத்தில விழத்தான் செய்யும். லைப்ரரிக்குப் போங்க, புத்தக அலுமாரிகள் எதிரொலியக் குடிச்சிடும். ஃபேன நிப்பாட்டி, வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி. போதும்.

பரீட்சைக்கு வராத வேலைக்கு ஏன் நேரம் எண்டு அதிபர் கேக்கிறார். புள்ளி எப்பிடிப் போடுற?

தாளம் மாத்திப் பாட்டுச் செஞ்ச புள்ளை தாள அங்கம் கேட்ட கேள்விய விடாது, கிரகபேதமும் அப்பிடித்தான், அத அதிபருக்கு ஒரு பாடவேளை வந்து பாக்கச் சொல்லிக் காட்டுங்க. கிழமைக்கு ஒரு பாடவேளைக்கு மேல எடுக்காதீங்க.

புள்ளிய பாட்டு “நல்லாருக்கு” எண்டதுக்குப் போடாதீங்க, வீட்டில நல்ல லப்டொப் இருக்கிற புள்ளைட பாட்டுத்தான் நல்லாக் கேக்கும். நான் மூண்டு பதிவு கேக்கிற: முதல் நாள் பாடினது, நடுவில மாத்தினது, முடிச்சது. எத மாத்தினா, ஏன் மாத்தினா எண்டு வாயால சொல்லணும். போன்ல செஞ்சாலும் சரி, லேப்ல செஞ்சாலும் சரி, அந்தப் பதில்ல எல்லாம் தெரிஞ்சிடும்.

கண்பார்வை குறைஞ்ச ஒரு புள்ளை இருக்கு, சேர்க்கலாமா?

கட்டாயம். என்.வி.டி.ஏ எண்ட திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஓடாசிட்டிய முழுக்கக் கொம்பியூட்டர் கீபோர்ட் பொத்தான்களாலயே ஓட்டலாம், ரீப்பருக்கு ஒசாரா எண்ட சேர்க்கையப் போட்டா அதையும் திரைவாசிப்பானோட பாவிக்க ஏலும். மற்றப் புள்ளைகள் அலைக்கோட்டப் பாத்து வெட்டுவாங்க, இந்தப் புள்ளை கேட்டு வெட்டும். எங்கட வகுப்பில எல்லாரையும் ஒருக்கா திரைய அணைச்சுப் போட்டு வெட்ட வெச்ச, அதுக்குப் பிறகு எல்லார்ட வெட்டும் சுத்தமாகிட்டு.

ஃபைல் எல்லாம் எப்பிடி வெச்சிருக்கிற?

ரெக்கோர்ட் பண்றது வேவ்ல, நிமிஷத்துக்கு 10 எம்.பி மட்டில வரும். வீட்டுக்கு அனுப்ப எம்பி3, நிமிஷத்துக்கு ஒரு எம்.பி. எம்பி3ய மட்டும் வெச்சிட்டு மற்றத அழிக்காதீங்க, மறுகா குரலத் தனிய எடுக்க ஏலாது.

ஓடாசிட்டி 3.0, அதாவது 2021க்குப் பிறகு வந்தது எண்டா முழு வேலையும் ஒரே ஃபைல். அதுக்கு முந்தின வேர்சன்ல சின்ன ஃபைல் ஒண்டும், டேட்டா எண்டு முடியிற ஃபோல்டர் ஒண்டும் வரும், சத்தம் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ள. லேப் மெசின்கள அழிச்சுத் திருப்பிப் போடப் போறாங்க எண்டு தெரிஞ்சு நான் அவசரத்தில சின்ன ஃபைல்கள மட்டும் பென் ட்ரைவ்ல எடுத்த. ஒரு தவணை வேலை போயிட்டு. அதுக்குள்ள ஒரு புள்ளை தன்ட அம்மம்மா பாடின தாலாட்டப் புடிச்சு வெச்சிருந்தது, அதுக்கு மேலதான் தன்ட பாட்டக் கட்டியிருந்தது. நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்ன. அம்மம்மா ஒண்டும் சொல்லல்ல, புள்ளைய மடியில சாய்ச்சு வெச்சுத் திரும்பப் பாடித் தந்தா, ஆனா இந்த முறை மெதுவா, வேற இடத்தில மூச்சு விட்டு, நடுவில புள்ளைட பேரையும் வெச்சுப் பாடினா. புள்ளை பழைய மெட்ட விட்டுட்டு முதல்ல இருந்து தொடங்கிச்சு. அண்டையில இருந்து ஒவ்வொரு வெள்ளியும் கடைசி மணிக்கு முதல் ரெண்டு பென் ட்ரைவ்ல கொப்பி எடுக்கிறம், ஒண்டு அலுமாரியில, ஒண்டு என்ட வீட்டில.